நான்காம் நிலையிலும் நடக்க விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

என் கணவருக்கு வயது 54. பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, நான்காம் நிலையை எட்டி ஒரு வருடமாகிறது. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் பழமும் ஹார்லிக்ஸும் கொண்டுவருவதோடு, "அசையாம படுத்திருக்கட்டும்" என்று ஓர் உத்தரவும் போட்டுவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் எடுக்க அவர் எழுந்தால்கூட, "அண்ணன எதுக்கு அண்ணி நடக்க விடுறீங்க?" என்று நாத்தனார் என்னைத்தான் கோபிப்பார். எல்லாம் அன்புதான். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு மூன்று மாதம் அவரைப் படுக்க வைத்தேன். தொடைச் சதை கரைந்து, குளியலறைக்குப் போய்வரவே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

இது தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை என்று சொன்னவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் அறிக்கையிலும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எவ்வளவு என்று பரிசோதனைத் தாளிலும் பார்த்த பிறகே "நடங்க" என்றார். நோய் பரவிய எலும்பு எளிதில் முறியும். தட்டணு மிகவும் குறைந்தவர் விழுந்தால் ரத்தம் எளிதில் நிற்காது. ஆகவே மருத்துவரைக் கேட்காமல் யாரும் தொடங்க வேண்டாம்.

எங்கள் மாடியின் பொது நடைபாதையில் ஒன்பது வாசல்கள். முதல் நாள் நான்காவது வாசலில் மக்சிக் (மலாய் அத்தை) வைத்திருக்கும் செருப்பு அடுக்குவரை போய்த் திரும்பினார். அடுத்த வாரம் மின்தூக்கியில் இறங்கிக் கீழ்த்தளத்தில் ஒரு சுற்று. கடைத்தொகுதியில் குளுகுளுவென்று நடக்கலாமே என்பார்கள். அவருக்கு ஏற்றும் ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்துக்கு அந்தக் குளிர்தான் ஆகாது, விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் சுரீரென்கிறது. பாதமும் மரத்திருப்பதால் சிலிப்பருக்குத் தடை. குதிகால் மூடிய காலணிதான். 46 மணி நேரம் மருந்து இறங்கும் போத்தல் இடுப்புப் பையில் இருக்கும் நாள்களில் நடைபாதையோடு சரி. தெம்பான நாளில் காப்பிக்கடைவரை போய்ச் சூடாகப் பால் சேர்க்காத ஒரு தே ஓ குடித்துவிட்டு வருவார்.

கைப்பேசிச் செயலி 10,000 காலடி கேட்கிறது. அது 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி அளவியின் பெயரிலிருந்து பிறந்த எண். இவருக்கு 1,500 நடந்தால் அன்று திருநாள்.

வாட்ஸ்அப்பில் "உடற்பயிற்சி புற்றுநோயை வெல்லும்" என்று சுற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், 2025ல் வெளிவந்த பெரிய ஆய்வு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த குடல் புற்றுநோயாளிகளைப் பற்றியது. நோய் பரவியவர்கள் அதில் இல்லை. எங்கள் நிலைக்கு நெருக்கமானது 2024ல் வந்த இன்னொன்று. பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள 357 பேரில் ஒரு பாதியினர் 9 மாதம், வாரம் இருமுறை, மேற்பார்வையில் உடற்பயிற்சி செய்தார்கள். அவர்களுக்குக் களைப்பு குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது. நடை மட்டுமல்ல, தசைப் பயிற்சியும் அதில் சேர்த்தி. இவருடைய கட்டி நடையால் சுருங்கும் என்று நான் நம்பவில்லை. இப்போது அவரே நின்றபடி சட்டை மாட்டிக்கொள்கிறார். எனக்கு அது போதும்.

ஒரே ஒரு கோரிக்கை. காப்பிக்கடைக்குப் போக ஒரு சாலையைக் கடக்க வேண்டும். பாதி வழியிலேயே நடப்பவர்களுக்கான விளக்கில் பச்சை மனிதன் மறைந்துவிடுகிறான். சிங்கப்பூரில் 2009 முதல் இருக்கும் 'கிரீன் மேன் பிளஸ்' வசதியில் மூத்தோர் சலுகை அட்டையையோ உடற்குறையுள்ளோர் சலுகை அட்டையையோ தட்டினால் கூடுதல் விநாடிகள் கிடைக்கும். இவரிடம் இரண்டுமே இல்லை. சிகிச்சை நடக்கும் காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஓர் அட்டையை நிலப் போக்குவரத்து ஆணையம் தரக்கூடாதா?

அதுவரை நடுச்சாலையில் நின்று கையை நீட்டி வாகனங்களை மறிக்கும் பெண்மணி நான்தான். ஓட்டுநர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்