பக்கவாட்டில் நங்கூரம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சின்ன ஏரிகளில் கயாக்கில் (துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகலான சிறு படகில்) போய் மீன்பிடிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இரையைப் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால் வசந்த காலக் காற்றைச் சமாளிக்க, இருக்கைக்குப் பக்கத்திலேயே நங்கூரத்தைக் கட்டிவிடலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அதை நம்பி யாராவது செய்தால் கவிழ்ந்துவிடுவார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கயிறு பக்கவாட்டில் இருந்தால் கயாக் காற்றுக்குக் குறுக்கே திரும்பி நின்றுவிடும். அலை ஒரு பக்கம் தள்ள, இழுபட்ட கயிறு அலை வரும் அந்த விளிம்பையே கீழே அமுக்கும். குறுகலான படகு அதைத் தாங்காது. கயிறு அணியத்திலோ (முன்முனையிலோ) பின்முனையிலோதான் பிடிக்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் அணியமே நல்லது. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து முனைக்குக் கை எட்டாதே? அதற்குத்தான் ஆங்கர் டிராலி. கயாக்கின் ஓரமாக இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் ஒரு வளையக் கயிறு, அதில் ஒரு வளையம். நங்கூரக் கயிற்றை அந்த வளையத்தில் கோத்து, வளையக் கயிற்றை இழுத்தால் அது முனைக்குப் போய்விடும். நங்கூரக் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போடாமல், ஒரே இழுப்பில் கழன்றுவிடும்படி வைத்து, நுனியில் ஒரு மிதவையும் கட்டிவிட வேண்டும். ஆபத்து என்றால் விட்டுவிட்டுப் போய், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். கயிறு தாராளமாக இருக்கட்டும். பலத்த காற்றில் ஆழத்தைப் போல் 7 மடங்கு என்பது படகுக்காரர்கள் கணக்கு. 3 மீட்டர் ஆழத்துக்கு 21 மீட்டர்.

என்னைக் கேட்டால், மீனைத் தேடி நகர்ந்துகொண்டே பிடிப்பவருக்கு நங்கூரத்தைவிட டிரிஃப்ட் சாக் மேல். தண்ணீருக்குள் பாராசூட் மாதிரி விரியும் துணிப்பை அது. காற்று தள்ளும் வேகத்தைக் குறைத்து, தூண்டில் போட நிதானம் தரும்.

காற்றில்லாத கரையில் ஒதுங்கிப் பிடிக்கலாம் என்று கட்டுரை சொல்லும் யோசனையும் பாதிதான் சரி. வெயிலில் சூடான மேல்மட்டத் தண்ணீரைக் காற்று எதிர்க்கரைக்குத் தள்ளிச் சேர்க்கும். மிதக்கும் நுண்ணுயிர்களும் அங்கே சேரும், அவற்றைத் தேடிச் சின்ன மீன்கள், அவற்றின் பின்னால் பாஸ், பைக் போன்ற வேட்டை மீன்கள். அலை வந்து மோதும் அந்தக் கலங்கல் கரையில்தான் பல நாள் கொத்துவது. ஆனால் குளிர்காற்று அடித்துக்கொண்டே இருந்தால் இந்தக் கணக்கு எடுபடாது. வெயில் படும் ஒதுக்கமான மூலைதான் அப்போது கைகொடுக்கும்.

கட்டுரையில் தண்ணீரின் குளிர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதுதான் பெரிய குறை. சின்ன ஏரிதானே, காற்று தள்ளினால் எதிர்க்கரையில் போய் ஒதுங்குவோம் என்பார்கள். ஒதுங்கலாம், கயாக்கில் இருக்கும்வரை. வெளியே 20 டிகிரி வெயில் அடித்தாலும் பனி உருகிய ஏரி 8, 10 டிகிரியில் இருக்கலாம். விழுந்த முதல் நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். லைஃப் ஜாக்கெட் இருக்கைக்குப் பின்னால் கிடந்தால் என்ன பயன்? உடுப்பும் காற்றின் சூட்டைப் பார்த்தல்ல, தண்ணீரின் குளிரைப் பார்த்துப் போட வேண்டும்.

அப்புறம், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலையில் மெல்ல அடிப்பது பெரும்பாலும் நண்பகலில் வலுக்கும். அதனால் முதலில் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டுப் போய்விட்டால், களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும். பரவலாக வெண்நுரை தெரிய ஆரம்பித்தால் கரையேறிவிடுவதே நல்லது.

அடுத்த இதழில் அந்த நங்கூர வரிக்கு ஒரு திருத்தமும், முடிந்தால் ஆங்கர் டிராலியின் படமும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்