அரக்னே நெய்த துணியையும் காட்டுங்கள்

ஆசிரியருக்கு,

கிரேக்கப் புராண ஓவியங்கள் குறித்த ஞாயிறு இணைப்புக் கட்டுரை, நெசவில் அதீனா தேவியோடு போட்டியிட்ட அரக்னே என்ற பெண் சிலந்தியானதைத் ‘தெய்வத்தை மதியாத செருக்குக்குத் தண்டனை’ என்று முடித்துவிட்டது. இது பாதிக் கதை. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்வதன்படி, அவளது நெசவில் அந்தத் தேவியாலேயே குறை காண முடியவில்லை; கடவுளர் பெண்களை வஞ்சித்த காட்சிகள் நிறைந்த அத்துணியைத்தான் அதீனா சினந்து கிழித்தாள். மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கஸின் ‘நூற்போர்’ (நூல் நூற்பவர்கள்) ஓவியத்திலும் பின்னணியில் தெரிவது சிலந்தியல்ல. காளையுருவில் வந்த கடவுளர் தலைவன் ஸீயஸ், யூரோப்பா என்ற இளவரசியைக் கவர்ந்து செல்லும், அரக்னே நெய்த திரைச்சீலை.

ஓவிய ஆசிரியையான நான் இப்படத்தைக் காட்டும்போதெல்லாம், “துணியில் என்ன இருக்கு டீச்சர்?” என்றே மாணவர்கள் முதலில் கேட்கிறார்கள். இத்தகைய படங்களை வெளியிடுகையில், தண்டிக்கப்பட்டவர் செய்ததென்ன என்பதையும் படக்குறிப்பில் சேர்க்க வேண்டுகிறேன்.