சந்தோஷமாகவே கிளம்பு

தம்பிக்கு,

இதைக் கையில் கொடுத்தால் பாதியில் மடித்து வைத்துவிடுவாய், நேரில் சொன்னால் ஹெட்போனை மாட்டிக்கொள்வாய், அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, சேரப் போகிற காலேஜ் பெயரையும் போடவில்லை, பயப்படாதே. வீட்டை விட்டுப் படிக்கப் போகிற எல்லோருக்கும் கடைசி வாரத்தில் வருகிற அதே குழப்பம்தான் உனக்கும் வந்திருக்கிறது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ சந்தோஷமாக இருக்கிறாய், அதை மறைக்கிறாய். இடம் கிடைத்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு நண்பர்களோடு பேசும்போது உன் குரலே வேறு. அம்மா உள்ளே வந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "போகவே பிடிக்கல" என்கிறாய். வீட்டுக்கு வருகிறவர்கள் "விட்டுட்டுப் போறது கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால், கேட்டவருக்கு என்ன பதில் வேண்டுமோ அதைச் சரியாக எடுத்துக் கொடுக்கிறாய். நடிப்பு சுமார்தான், சொல்லிவிடுகிறேன். அதுகூடப் பரவாயில்லை. அன்றைக்கு ராத்திரி வந்து, "எனக்குப் போகணும்னு இவ்வளவு ஆசையா இருக்கே, நான் கெட்டவனாக்கா?" என்று விளையாட்டுக்குக் கேட்கிற மாதிரி கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அன்றைக்குத் தலையணையை எறிந்ததோடு விட்டுவிட்டேன்.

இல்லடா. நீ கெட்டவன் இல்லை. உன் ஆசை எதன் மேல் என்று கொஞ்சம் பிரித்துப் பார். எங்களை விட்டுத் தொலைந்தால் போதும் என்றா இருக்கிறது? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறு வயதில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொலைத்தாய், அன்றிலிருந்து இந்த வீட்டில் நீ மறதிக்காரன். சாவி காணோமென்றால் முதல் கேள்வி உன்னிடம்தான், அதை அப்பா தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாலும். புது இடத்தில் அந்தத் தண்ணீர் பாட்டில் கதை யாருக்கும் தெரியாது. நீ பொறுப்பானவன் என்று சொன்னால் நம்பிவிடுவார்கள், பாவம். பேசாத பிள்ளை என்று பெயர் வாங்கியவன் அங்கே போய் நாலு பேரைச் சிரிக்க வைக்கலாம், எப்போதும் சிரிக்க வைத்தே களைத்துப்போனவன் ஒரு வாரம் சும்மா இருக்கலாம். நம்மைப் பிடித்தவர்கள்தான் நம்மைப் பற்றி முடிவும் கட்டி வைத்திருப்பார்கள், அன்போடுதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த முடிவிலிருந்து கொஞ்ச நாள் வெளியே நின்று பார்க்கலாம் என்பதில்தான் உனக்கு இவ்வளவு குஷி. இதில் யாருக்கும் துரோகம் இல்லை.

அப்புறம் இந்த வாரச் சண்டைகள். சார்ஜர் வயரைச் சுற்றி வைக்கவில்லை என்று ஆரம்பித்து, "நான் போனா நிம்மதியா இருப்பீங்க" வரைக்கும் போனது. அம்மாவும் விடவில்லை, "ஆமா, நிம்மதிதான்" என்றார்கள். அரை மணி நேரம் கழித்து ரெண்டு பேருமே ஒன்றும் நடக்காத மாதிரி உன் துணிகளை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். கிளம்புகிற வீடுகளில் இது சகஜம், நண்பர்களிடம் விசாரித்துப் பார், ஒவ்வொருவரும் ஒரு சார்ஜர் கதை வைத்திருப்பார்கள். கோபத்தோடு இருக்கிற இடத்தை விட்டுப் போவது சுலபம், பிரியமாக இருக்கிற இடத்தை விட்டுப் போவதுதான் கஷ்டம், அதனால் கிளம்புவதற்கு முன்னால் கொஞ்சம் கோபத்தை நாமே தயார் செய்துகொள்கிறோம் என்பது என் கணிப்பு. அப்பாவின் வழி வேறு. மூன்று பூட்டு வாங்கி வந்திருக்கிறார். நேற்று உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து, எந்தச் சாவி எதற்கு என்று சின்ன அட்டையில் எழுதிக் கட்டி, மாற்றுச் சாவிகளைத் தனிக் கவரில் போட்டு, கவரின் மேல் "மாற்றுச் சாவி" என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடும் போட்டார். உனக்கு இருப்பது ஒரே பெட்டி. இதற்கு மேல் அவர் வாயைத் திறந்து எதுவும் சொல்வார் என்று காத்திருக்காதே.

நீ போனதும் இவர்கள் ரெண்டு பேரும் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுவார்கள் என்று ஒரு பயம் இருக்கிறது உனக்கு. முதல் சில நாள் வீடு டல்லாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். கலிஃபோர்னியாவில் மில்ஸ் என்ற கல்லூரியில் படித்த பெண்களை நடுவயதிலிருந்து சுமார் 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2008-இல் ஒரு ஆய்வு வந்தது. பிள்ளைகள் வெளியே போன பிறகு கணவனோடு வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கிறது, முன்பைவிடக் கொஞ்சம் சந்தோஷமாகவே என்று அந்தப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். காரணம் சேர்ந்திருக்கிற நேரம் கூடியது அல்லவாம், இருக்கிற நேரத்தை ரசித்துச் செலவழிப்பதாம். ஒரு நாட்டில் ஒரு கல்லூரிப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதை மறக்கவில்லை. ஆனாலும் நம் வீட்டில் அப்பாவும் அம்மாவும் உன் பரீட்சை, உன் காய்ச்சல், உன் ஃபீஸ் தவிர வேறு எதையாவது பேசி எவ்வளவு நாள் ஆயிற்று என்று யோசித்துப் பார். பேசட்டுமே.

சரி, இனி அடுத்த பாதி. இதை நீ இப்போது நம்ப மாட்டாய், எழுதி வைத்தால் பின்னால் உதவும்.

அழுகை வரும். அநேகமாக முதல் நாள் வராது, முதல் நாள் வரிசையில் நிற்கவும் கையெழுத்துப் போடவும் அறையைத் தேடவுமே நேரம் போய்விடும். எல்லாம் ஓரளவு பழகி, ஒரு விடுமுறை நாள் மத்தியானம், செய்ய வேலை ஒன்றும் இல்லாமல், பக்கத்து அறையில் யாரோ தங்கள் வீட்டோடு சத்தமாகப் போனில் பேசுவது காதில் விழும். அப்போது வரும். உடனே ரெண்டாவது வெட்கம் தொடங்கும்: "நான்தானே போகணும்னு குதிச்சேன், இப்ப எந்த முகத்தோட அழுவேன்?" இன்றைக்குச் சந்தோஷத்தை மறைக்கிறவன் அன்றைக்கு அழுகையை மறைப்பான். போன் செய்தால் "சூப்பரா இருக்கேன்" என்பான். எனக்கு இந்த ரெண்டு மறைப்பும் ஒன்றாகத்தான் தெரிகிறது. ஒரு நேரத்தில் ஒரு உணர்ச்சிதான் வைத்துக்கொள்ள வேண்டும், இன்னொன்று தெரிந்தால் முதலாவது பொய்யாகிவிடும் என்று யாரோ உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டு ஞாபகத்தை ஒரு நோய் என்றே முதலில் எழுதி வைத்த ஆள் யார் தெரியுமா? யோஹான்னஸ் ஹோஃபர் என்ற ஒரு மருத்துவ மாணவன், சுவிட்சர்லாந்தின் பாஸல் பல்கலைக்கழகத்தில், 1688-இல். அப்போது அவனுக்கு வயது 19, உன்னைவிட ஒன்றிரண்டு கூட. இந்த வியாதியைப் பற்றிச் சோல்ஜரோ வயதானவரோ எழுதவில்லை, ஒரு ஸ்டூடன்ட் எழுதினான் என்பதே எனக்குப் பிடித்தது. அவன் சொல்கிற நோயாளியும் ஒரு ஸ்டூடன்ட்தான். பெர்ன் ஊரிலிருந்து பாஸலுக்குப் படிக்க வந்த இளைஞன், ரெண்டு ஊருக்கும் நடுவில் சாலை வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். வந்தவன் நாளாக நாளாக வாடிப்போகிறான், காய்ச்சல், நெஞ்சில் படபடப்பு, கடைசியில் பிழைக்க மாட்டான் என்று எல்லோரும் கைவிட்டு அவனுக்காகப் பிரார்த்தனை செய்கிற நிலைமை. மருந்து கொடுக்க வந்தவர் பார்த்துவிட்டு, இது ஊர் ஏக்கம், வீட்டுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை என்கிறார். அவ்வளவு மோசமாகக் கிடந்தவனை வண்டியில் ஏற்றுகிறார்கள். பாஸலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதுமே தெளிய ஆரம்பிக்கிறான், பெர்ன் வருவதற்கு முன்பே முழுக்கக் குணமாகிவிடுகிறான்.

வருவதற்கு முன்பே, கவனித்தாயா? அம்மாவைப் பார்க்கவில்லை, தன் படுக்கையில் படுக்கவில்லை, வீட்டு வாசலையே மிதிக்கவில்லை. கிளம்பப் போகிறோம் என்று கேட்டபோதே மூச்சு சீராக வந்ததாம். ஹோஃபர் இதற்கு நரம்பு, மூளை என்று அந்தக் காலத்து விளக்கம் ஒன்று வைத்திருந்தான், அது கிடக்கட்டும். நான் படித்துவிட்டு நினைத்தது வேறு. அவனைப் படுக்கையில் தள்ளியது தூரம் மட்டும் இல்லை, இனிமேல் போகவே முடியாது, போகிறேன் என்று கேட்கவும் கூடாது என்கிற நினைப்பும்தான். உனக்கு அந்த நினைப்பு வேண்டாம். முடியவில்லையென்றால் போன் செய், நான் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். ஏன் எதற்கு என்று கேட்க மாட்டேன், அப்பாவைக் கேட்கவும் விட மாட்டேன். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே வருவேன். வரலாம் என்று தெரிந்தவனால்தான் இன்னும் ஒரு வாரம் இருந்து பார்க்க முடியும் என்று நான் நம்புகிறேன். ஒரே ஒரு நிபந்தனை, படிப்பே வேண்டாம், கோர்ஸ் தப்பு, ஊர் தப்பு என்கிற பெரிய முடிவுகளை அந்த மத்தியானத்தில் எடுக்காதே. ஏக்கம் வந்தது என்பதால் எடுத்த முடிவு தப்பு என்று ஆகாது. முடிவு சரியாக இருந்தாலும் ஏக்கம் வரும்.

முதல் ராத்திரி தூக்கம் வராது, அதற்கும் உன்னைத் திட்டிக்கொள்ளாதே. புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்ற பாதியைவிட லேசாகத்தான் தூங்குகிறது, சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறது என்று பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2016-இல் கண்டுபிடித்தார்கள். அடுத்த முறை அதே இடத்தில் படுத்தபோது அது இல்லை. காவல் காக்கிறது, அவ்வளவுதான். உன் பழைய தலையணை உறையை எடுத்துக்கொண்டு போ, துவைத்த புது உறை வேண்டாம், அழுக்கு உறையே. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நண்பர்கள் விஷயத்தில் உனக்கு அவசரம் அதிகம். முதல் வாரத்திலேயே எல்லோரும் கூட்டம் கூட்டமாகப் போவது போலவும் நீ மட்டும் தனியாக நிற்பது போலவும் தெரியும். அந்தக் கூட்டங்களில் பாதி அடுத்த மாதம் இருக்காது. ஜெஃப்ரி ஹால் என்ற கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களிடமே கேட்டுப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்: தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்பாக மாறவே ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டுமாம், நெருங்கிய நண்பன் ஆவதற்கு 200-க்கும் மேல். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து நோட்ஸ் எழுதுகிற நேரமெல்லாம் பெரிதாகக் கணக்கில் வராது, சும்மா அரட்டை அடிக்கிற, விளையாடுகிற நேரம்தான் கணக்கு. அதனால் முதல் வாரத்தில் உயிர் நண்பன் கிடைக்கவில்லை என்று போன் செய்து என்னிடம் புலம்பாதே, புலம்பினால் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்றுதான் கேட்பேன். பகலில் அறைக் கதவைத் திறந்து வை, அது போதும் ஆரம்பத்துக்கு.

இங்கே இருக்கிற உன் பழைய கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "டெய்லி பேசுவோம்" என்று சத்தியம் செய்துகொள்கிறீர்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. பிரிட்டனில் பள்ளி முடித்து வெளியே போன 30 மாணவர்களை 18 மாதம் பின்தொடர்ந்து ராபர்ட்ஸ், டன்பார் என்ற இருவர் ஒரு ஆய்வு செய்தார்கள். பெண்களுக்குள் நட்பு நிலைக்கப் பேச்சு உதவியது, பையன்களுக்குப் பேச்சு அவ்வளவாக உதவவில்லை, சேர்ந்து எதையாவது செய்தால்தான் நட்பு நின்றது. குடும்பத்தோடு இருக்கிற நெருக்கம் மட்டும் பெரிதாகக் குறையவில்லை என்றும் சொன்னார்கள், அதைப் படித்ததும் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். உன் நண்பர்களோடு போனில் "அப்புறம்?" "நீதான் சொல்லணும்" என்று இழுத்துக்கொண்டிருக்காமல், வாரத்துக்கு ஒரு நாள் அந்த கேமையே ஆன்லைனில் விளையாடுங்கள். விளையாட்டில் திட்டிக்கொள்வதே உங்களுக்குப் பேச்சு.

வீட்டுக்குத் தினமும் போன் செய்ய வேண்டியதில்லை, ஆனால் செய்கிற நாளில் ஒரு உண்மையைச் சொல். "நல்லா இருக்கேன், சாப்டேன், தூங்கினேன்" என்று அறிக்கை படிக்காதே. இன்றைக்கு ஒரு சார் நடத்தியது ஒன்றுமே புரியவில்லை, ரூம்மேட் குறட்டை விடுகிறான், இன்றைக்கு வீட்டு நினைப்பே வரவில்லை, இதில் ஏதாவது ஒன்று. கடைசியில் சொன்னதைத்தான் சொல்லத் தயங்குவாய் என்று தெரியும். அம்மாவுக்கு அதைக் கேட்டால் ஒரு நிமிஷம் சுருக்கென்று இருக்கும், அப்புறம் பக்கத்து வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்வார்கள், எனக்கு அம்மாவைத் தெரியும்.

இன்றைக்குச் சாயங்காலம் அம்மா உன் அலமாரியைத் துடைக்கப் போகிறார்கள். கூடப் போய் நில், அந்த நேரத்தில் முகத்தைத் தொங்கப்போடாதே. "எனக்கு ரொம்ப எக்ஸைட்டிங்கா இருக்கும்மா, பயமாவும் இருக்கு" என்று ரெண்டையும் சேர்த்தே சொல்லிப் பார். எந்த வரிசையில் சொன்னாலும் சரி.

என் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நீ பெட்டியில் அடியில் ஒளித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டேன். எடுத்துக்கொண்டு போ. ஜன்னல் ஓரத்துக் கட்டில் இனி என்னுடையது, லீவுக்கு வந்து சண்டை போடாதே.

அக்கா