இங்கிலாந்தின் சிப்பன்ஹாமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று போன தடவை எழுதியிருந்தேனே, அந்தக் குறை இப்போது இல்லை. வாரத்தில் இரண்டு நாள் இந்த ஊர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன். 1540 வாக்கில் தொடங்கி 1858 வரை எழுதிய உயில்கள் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. காலமெல்லாம் பத்திரம் எழுதிய உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அந்தக் காலத்தில் இங்கே உயிலை உறுதி செய்தது சர்ச் கோர்ட். அதனால் இதெல்லாம் சாலிஸ்பரி பிஷப்பின் அலுவலகத்தில் சேர்ந்தது. நீங்கள் பிள்ளையார் சுழி போடுவது மாதிரி, "கடவுளின் பெயரால், ஆமென்" என்று ஆரம்பிக்கிறார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ஒரு குறி கீறியிருக்கிறார்கள். மை, மாசிக்காயும் அன்னபேதியும் போட்டுச் செய்தது. இப்போது பழுப்பேறிவிட்டது.

உயிலைவிட அதோடு இருக்கும் சாமான் பட்டியல்தான் என்னைக் கட்டிப்போட்டது. ஆள் இறந்ததும் அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் வீட்டுக்குள் போய், அறை அறையாகப் பார்த்து எல்லாவற்றுக்கும் விலை போடுவார்கள். முதல் வரி பெரும்பாலும் "உடுத்திய துணியும் பையிலிருந்த பணமும்". அப்புறம் கட்டில், மெத்தை, பித்தளைப் பாத்திரம், தறி, பசு, பன்றி. நிலம் இதில் வராது. கடைசியில் "மறந்துபோன சாமான்கள்" என்று ஒரு வரி, அதற்கும் ஒன்றிரண்டு ஷில்லிங். முதல் தடவை அதைப் படித்தபோது, அம்மாச்சியின் ட்ரங்குப் பெட்டியை நாம் பிரித்த நாள் நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

1882இல் சட்டம் வரும்வரை, புருஷன் சம்மதம் இல்லாமல் கல்யாணமான பெண் உயில் எழுத முடியாதாம். அதனால் பெண்கள் எழுதியவற்றில் பெரும்பாலும் விதவைகளுடையதும் கல்யாணம் ஆகாதவர்களுடையதும்தான். நல்ல கவுன் இந்தத் தங்கை மகளுக்கு, பெரிய அண்டா அந்த மகளுக்கு என்று பேர் சொல்லிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தவை இவைதான்.

இன்னொன்று. 1942 மே மாதம் ஜெர்மன்காரர்கள் எக்ஸெட்டர் நகரத்தில் குண்டு போட்டபோது அங்கே வைத்திருந்த டெவன் மாவட்டத்து உயில்களில் பெரும்பகுதி எரிந்துபோய்விட்டன. அதே மாவட்டத்து அஃப்கம் என்ற ஊரின் உயில்கள் தப்பின. அந்த ஊர் சர்ச் நிர்வாகத்தில் சாலிஸ்பரியைச் சேர்ந்தது, அதனால் காகிதங்களும் சாலிஸ்பரிக்குப் போயிருந்தன. அந்த ஊர்க்காரர்களின் கட்டிலும் கம்பளியும் இன்றைக்கும் காகிதத்தில் இருப்பது இப்படித்தான்.

இதை நினைத்தால்தான் நம் வீட்டுப் பெட்டி கவலையாக இருக்கிறது. தாத்தாவின் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு லேமினேஷன் போடப்போவதாகப் போனில் சொன்னீர்கள். வேண்டாம் அப்பா, போட்டால் திரும்ப எடுக்கவே முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாகக் கழற்றிவிட்டு, மடிப்பைப் பிரித்து, அட்டை உறையில் போட்டு பீரோவில் மேல் தட்டில் வையுங்கள். தம்பியை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாட்சிகள் கையெழுத்துப் போட்ட பக்கத்தை விட்டுவிடப் போகிறான்.

அன்புடன்,
உங்கள் மகள்