பூட்டைக் கழற்றிவிட்டுப் புறப்படு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றிரவு ஹூஸ்டனிலிருந்து பேசும்போது, பயணத்துக்கு எல்லாம் ஆயத்தம், போனுக்கு மட்டும், வெளிநாட்டிலும் அதே இலக்கம் வேலை செய்யும் கம்பனியின் ரோமிங் திட்டத்தைப் போட்டுக்கொள்கிறேன், நாளொன்றுக்கு 12 டொலர்தானே என்றாய். அம்மா கல்யாணச் சேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்ததால் அந்த இடத்தில் நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. போனில் சொன்னால் "சரி அப்பா" என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

உன் ஐபோனைத் தவணைக்கு எடுத்தாய். சித்திரையோடு தவணை முடிந்துவிட்டது என்றும் சொன்னாய். அப்படியானால் அந்தப் போன் இன்று முழுக்க உன்னுடையது. ஆனால் வேறு கம்பனியின் சிம் வேலை செய்யாதபடி கம்பனி அதற்குள் போட்ட பூட்டு நீங்கிவிட்டதா என்று கேட்டதற்கு, "நீங்கியிருக்கும்" என்றாய். "நீங்கியிருக்கும்" என்ற நம்பிக்கையுடன் விமானம் ஏறாதே. இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த கையோடு செட்டிங்ஸுக்குள் ஜெனரல், அதற்குள் அபௌட் என்ற இடத்துக்குப் போய்க் கீழே இறக்கிப் பார். கேரியர் லொக் என்ற வரிக்கு நேரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் பூட்டு இல்லை. வேறு எது இருந்தாலும் பூட்டு இருக்கிறது என்றுதான் பொருள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உனக்கும் தெரியும். நம் கடை கொமியூனிகேஷனாக, அதாவது காசு கொடுத்து வெளிநாட்டு அழைப்புப் பேசும் இடமாக, இருந்த காலத்தில் நீ சிறு பிள்ளை. வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து பிள்ளை எடுக்கும் அழைப்புக்காக நம் வாங்கில் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். அழைப்பு வராவிட்டால் மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே வந்து நிற்பார்கள். ஓர் அழைப்புத் தவறினால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். பிள்ளை எந்த நாட்டில் நின்றாலும் கூப்பிட்டால் கிடைக்க வேண்டும் என்பது எனக்குப் பெரிய விஷயம். என்றைக்கும் அப்படித்தான் இருக்கும்.

பின்னர் கொமியூனிகேஷன் தொழில் படுத்தது, நாம் கைத்தொலைபேசி விற்கத் தொடங்கினோம். அப்போது எங்களிடம் வந்தவர்களில் பலர், லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பிய போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். கிளிநொச்சியிலிருந்து வந்த ஓர் அம்மாவை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மகன் அனுப்பிய போன், பெட்டி கூடக் கசங்கவில்லை. இங்குள்ள சிம்மைப் போட்டுத் திரையைத் திறந்தால் பூட்டைத் திறக்கும் அன்லொக் கோட் கேட்டது. "தம்பி, என்ர பிறந்த திகதியைப் போட்டுப் பாருங்கோ" என்றார் அந்த அம்மா. அது மகன் போட்ட பூட்டில்லை, விற்ற கம்பனி போட்ட பூட்டு என்று விளங்கப்படுத்த எனக்கு நெடுநேரம் எடுத்தது. அந்தக் காலத்து நொக்கியா போன்களில் பலவற்றுக்கு, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள ஐஎம்இஐ இலக்கத்திலிருந்து கோட்டைக் கணக்கிட்டுப் போட்டுவிட முடிந்தது. அதிலும் சில தடவை பிழையாகப் போட்டால் போன் இறுகிவிடும். பிறகு கேபிள் பூட்டித்தான் சரிசெய்ய வேண்டும்.

ஐபோன் வந்த பிறகு அந்த வித்தைகள் எடுபடவில்லை. சிம் அட்டைக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு ஒன்று சந்தைக்கு வந்தது. நகத்தளவுதான் இருக்கும், நடுவில் ஒரு சிறு சிப். அதை வைத்தால் தன் கம்பனியின் சிம்தான் உள்ளே இருக்கிறது என்று போன் நம்பிவிடும். அடுத்த மென்பொருள் புதுப்பிப்பு வந்ததும் ஏமாற்றம் வெளிப்பட்டு, போன் மறுபடி செத்துப்போகும். அதை நம் கடையில் நான் விற்றதே இல்லை. போகிற ஊரில் யாராவது "ஐந்து நிமிடத்தில் திறந்து தருகிறேன்" என்றால் கிட்டப் போகாதே. நிலைத்து நிற்கும் அன்லொக், விற்ற கம்பனி தன் பதிவேட்டில் உன் ஐஎம்இஐ இலக்கத்தை விடுவிப்பது ஒன்றுதான். *#06# என்று அழுத்தினால் அந்த 15 இலக்கங்களும் திரையில் வரும். எழுதி வைத்துக்கொள், விண்ணப்பத்தில் கேட்பார்கள்.

அதைக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு. அமெரிக்காவில் 2013 ஜனவரிக்குப் பிறகு வாங்கிய போனைக் கம்பனியின் அனுமதியில்லாமல் அன்லொக் செய்வது சட்டப்படி குற்றமாக இருந்தது. மக்கள் கொதித்து மனுப்போட்டார்கள். 2014 ஓகஸ்டில் ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டு அதை மாற்றினார். அதற்கு முன்னரே, 2013 டிசம்பரில், பெரிய கம்பனிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தன: நிபந்தனைகளை நிறைவேற்றிய வாடிக்கையாளர் கேட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் திறந்துவிட வேண்டும், அல்லது விண்ணப்பத்தைத் தொடங்கிவைக்க வேண்டும், முடியாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்று. கனடா இன்னும் ஒரு படி மேலே போய், 2017 டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து விற்கும் போனே பூட்டில்லாமல் வரவேண்டும் என்று விதித்தது. பிரித்தானியாவில் 2021 டிசம்பரிலிருந்து அதே நிலை. நீ இருக்கும் அமெரிக்காவில் இன்னும் பல கம்பனிகளிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. தவணை நிலுவையில் இருக்கும்வரை பூட்டு இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கடைசித் தவணை கட்டிய பிறகும் கேட்டால்தான் திறப்போம் என்பது அநியாயம்.

இரண்டு வேலை நாட்கள் என்பது கடதாசியில். கணக்கு யார் பெயரில் இருக்கிறது, பாக்கி இருக்கிறதா என்று கேள்விகள் வந்தால் இழுபடும். சூரிச் விமான நிலையத்தில் நின்றுகொண்டு ஹூஸ்டனின் வாடிக்கையாளர் சேவைக்கு நேரவித்தியாசம் பார்த்து அழைப்பெடுப்பது வேண்டாத வேலை. அந்த அழைப்புக்கே எந்த சிம்மைப் போடுவாய்? இந்தக் கிழமையே விண்ணப்பத்தைப் போட்டுவிடு.

உன் போனில் சிம் போடும் தட்டே கிடையாது என்றாய். 2022இல் வந்த ஐபோன் 14 தொடக்கம் அமெரிக்காவில் விற்பவை அப்படித்தான், அட்டையில்லாமல் போனுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் இ-சிம் மட்டும். சிம்மே இல்லாத போனுக்குப் பூட்டு எங்கே என்று நினைத்துவிடாதே. பூட்டிய போன் வேறு கம்பனியின் இ-சிம்மையும் ஏற்காது. இ-சிம்மில் இன்னொரு சங்கடமும் உண்டு: அதை இறக்குவதற்கே இணையம் வேண்டும். ஆகவே முதல் நாட்டுக்கு உரியதை வீட்டு வைஃபையில் வைத்தே இறக்கி, பெயரிட்டு வைத்துவிடு. வாங்கும்போது அது டேட்டா மட்டும் தருவதா, இலக்கமும் தருவதா என்று பார். இணையத்தில் மலிவாக விற்கும் பயண இ-சிம்களில் பல, டேட்டா மட்டும் தருபவை. வரைபடம் பார்க்க அது போதும். ஆனால் மண்டபத்துக்காரரோ டாக்சிக்காரரோ உன்னைக் கூப்பிட வேண்டுமென்றால் இலக்கம் வேண்டும்.

இனி உன் பாதைக்கு வருகிறேன். சுவிஸ், பாரிஸ், லண்டன், பிறகு கொழும்பு. இதில் முதல் கண்ணி சுவிஸ்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15இலிருந்து, ஒரு நாட்டு சிம்மை மற்ற நாட்டிலும் நியாயமான அளவுக்கு மேலதிகக் கட்டணமின்றிப் பாவிக்கலாம். சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை. ஐரோப்பா முழுவதற்கும் என்று விளம்பரம் செய்யும் சிம்களில் சில சுவிஸை விட்டுவிடும், நாடுகளின் பட்டியலை வரிவரியாகப் பார். கல்யாணம் நடக்கும் பாசல் நகரம் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அறை ஜன்னலோரம் நின்றால் போன் பக்கத்து நாட்டு வலையமைப்பைப் பிடித்துவிடக்கூடும். சுவிஸ் சிம் வாங்கினால், அங்கு இருக்கும்வரை வலையமைப்பைத் தானாகத் தேடவிடாமல் நீயே தெரிவுசெய்து வை. பிரித்தானியாவும் இப்போது ஒன்றியத்துக்கு வெளியே. அங்கு தனியாக ஒன்று எடுப்பதே நல்லது.

பாரிஸில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் போவாய்தானே. லெபாரா, லைக்கா சிம்கள் அங்குள்ள நம்மவர் கடைகளில் கிடைக்கும். லெபாராவை 2001இல் தொடங்கிய மூவரும் இலங்கைத் தமிழர்கள். லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற அவர்களின் பெயர்களின் ஆங்கில முதல் இரண்டு எழுத்துக்கள்தான் அந்தப் பெயர். லைக்காமொபைலை 2006இல் தொடங்கிய சுபாஸ்கரன் முல்லைத்தீவில் பிறந்தவர். இந்தக் கம்பனிகளுக்குச் சொந்தக் கோபுரங்கள் கிடையாது. பெரிய கம்பனிகளின் வலையமைப்பை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, ஊருக்கு மலிவாகப் பேசும் வசதியைச் சில்லறையாக விற்றார்கள். புலம்பெயர்ந்த பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்த அழைப்புக்களில்தான் அந்த வியாபாரம் வளர்ந்தது. அவர்களின் சிம்மைப் போட்டுப் பேசுவதற்குப் பூட்டில்லாத போன் வேண்டியிருந்தது. வெளிநாட்டுத் தமிழ்க்கடை பலவற்றின் கண்ணாடியில் அன்லொக் செய்து தரப்படும் என்ற அட்டை தொங்கியதற்குக் காரணமும் அதுவே. இப்போது அவர்களும் இ-சிம் தருகிறார்கள். அடையாளத்துக்குக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திரு.

உன் அமெரிக்க இலக்கத்தை மூடிவிடாதே. வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் அதற்குத்தான் வரும். அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்திவிட்டு, குறுஞ்செய்திக்காக விட்டுவை. செலவில்லாமல் குறுஞ்செய்தி பெறலாமா என்று கம்பனியிடம் முன்கூட்டியே கேள், நாட்திட்டம் தானாகத் தொடங்கிவிடாதபடி நிறுத்தவும் சொல். இரண்டு இலக்கங்கள் உள்ள போனில், ஒன்றில் சிக்னல் பலவீனமானால் டேட்டாவை மற்றதுக்கு மாற்ற அனுமதிக்கும் ஒரு பொத்தான் உண்டு. அதைக் கட்டாயம் அணைத்துவிடு. பில் எகிறுவது பெரும்பாலும் அங்கேதான். ரோமிங்கில் வரும் அழைப்புக்கும் காசு போகலாம், அதனால் அந்த இலக்கத்துக்கு வருவதை எடுக்காமல் வட்ஸ்அப்பில் திருப்பிப் பேசு. நாட்டுக்கு நாடு சிம் மாறினாலும் வட்ஸ்அப் பழைய இலக்கத்திலேயே வேலை செய்யும். புதிய இலக்கத்துக்கு மாற்றவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்.

நீ சொன்ன திட்டத்தின்படி மூன்று கிழமைக்கு 252 டொலர். நான்கு நாட்டிலும் உள்ளூர் சிம் எடுத்தாலும் அவ்வளவு வராது. பணத்தைவிட எனக்கு முக்கியம், நீ ஒரே கம்பனியின் தயவில் நிற்காமல் இருப்பது. அது ஒரு நாட்டில் வேலை செய்யாவிட்டால் மறு நிமிடம் வேறொன்றைப் போட்டுக்கொள்ள உன்னால் முடிய வேண்டும்.

இங்கு நீ விட்டுப்போன 077 இலக்கத்தை இடையிடையே ரீலோட் செய்து உயிரோடு வைத்திருக்கிறேன். உன் கொழும்பு வங்கிக் கணக்கு அதில்தான் பதிவாகியிருக்கிறது. வந்ததும் அடையாள அட்டையுடன் இருவரும் போய் அதை இ-சிம்மாக மாற்றிக்கொள்வோம். தங்கச்சிக்குக் கொண்டுவருவதாகச் சொன்ன போனைப் பற்றியும் ஒன்று. அதுவும் பூட்டில்லாததாக இருக்கட்டும். நம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இப்போது பதிவில்லாத போன்களைப் புதிதாக இணைக்க விடுவதில்லை. வாங்கும் முன் அதன் ஐஎம்இஐ இலக்கத்தை எனக்கு அனுப்பு. 1909க்குக் குறுஞ்செய்தி போட்டுப் பார்த்து, பதிவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்துச் சொல்கிறேன்.

பூட்டு நீங்கியதும் அந்தத் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. யாழ்ப்பாணத்துப் பெரியப்பாவிடம் வட்ஸ்அப் இல்லை. கல்யாண வீட்டிலிருந்து நீ பேசுவாய் என்று அவர் இப்போதே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே சுவிஸில் இலக்கம் கிடைத்ததும் முதலில் அவருக்கு எடு, பிறகு எங்களுக்கு எடுக்கலாம். பகலில் எடு, எட்டு மணிக்கே படுத்துவிடுவார். அம்மா சேலையின் கரை அரக்கு நிறத்தில் இருக்கட்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா