அப்பாவின் கம்பெனியைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

இந்த வசந்தத்தோடு அப்பா வேலையிலிருந்து ஒதுங்கிவிட்டார். கம்பெனியின் சாவிக்கொத்து இப்போது தங்கச்சி கையில். கணக்கு வழக்கம்போல் என் தலையில். கனடாவின் வின்னிபெக் நகரத்து அலுவலகத்தில் கேக் வெட்டி, ஆங்கிலத்தில் எல்லாருக்கும் நன்றி சொல்லி முடித்தாயிற்று. ஆனால் சில நன்றிகளைத் தமிழில் சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும்.

முதலில் டொராண்டோவின் ஸ்காபரோவில் சீட்டுப் பிடித்த மாமிமாருக்கு. மேசன் வேலை தெரிந்த, ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் ஒருவர், சாலையே இல்லாத ஊர்களில் வீடு கட்டப்போகிறேன் என்று போய் நின்றபோது வங்கியில் சிரிக்காத குறைதான். நீங்கள்தான் உங்கள் முறையை விட்டுக்கொடுத்து முதல் சீட்டை அவருக்குத் தந்தீர்கள். அந்தக் காசில் வாங்கிய பழைய பிக்கப்பும் ஒரு ஜெனரேட்டரும்தான் அன்றைக்குக் கம்பெனியின் மொத்தச் சொத்து.

நாங்கள் வேலை செய்வது பெரும்பாலும் வின்னிபெக் இருக்கும் மனிட்டோபா மாகாணத்தின் வடகிழக்கில், ஐலண்ட் லேக் பக்கம். கார்டன் ஹில், செயின்ட் தெரேசா பாயிண்ட், வாசகமாக், ரெட் சக்கர் லேக் என நான்கு பழங்குடி ஊர்கள். வருடம் முழுக்க ஓடும் சாலை எதற்கும் கிடையாது. கார்டன் ஹில்லின் விமான நிலையம்கூட ஒரு தீவில்தான் இருக்கிறது; ஊருக்குள் போகக் கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஏரி. நன்றாகக் குளிர்ந்தால், ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை ஏரிகளின் மேலும் சதுப்புகளின் மேலும் பனிச்சாலை போடுவார்கள். மரம், ஜன்னல், கூரைத் தகடு எல்லாம் அந்த எட்டு வாரத்துக்குள் போய்ச் சேரவேண்டும். தவறினால் விமானத்தில் அனுப்பலாம். லாபமும் அதிலேயே ஏறிப் போய்விடும்.

முதல் வீட்டுக்குக் கதவெல்லாம் போயிற்று, கீல் போகவில்லை. அந்த ஒரு பெட்டியை விமானத்தில் அனுப்பிய செலவை அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். அதற்குப் பிறகுதான் அவர் கோடுபோட்ட கொப்பியில் ஒவ்வொரு வீட்டுக்கும் சாமான் பட்டியல் எழுத ஆரம்பித்தார். எல்லாம் தமிழில்: “மூன்றங்குல ஆணி, பெட்டி 14. கீல் (மறக்காதே!)”. லாரி புறப்படுமுன், மைனஸ் முப்பதில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போடுவார். அம்மாவுக்குத் தனியாக நன்றி சொன்னால் அடிக்க வருவார். சரி, அடிக்கட்டும்.

அப்புறம், எங்களுக்குப் பனிக்கட்டியைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அந்தப் பெரியவருக்கு. அவர் இப்போது இல்லை. துளைபோடும் கருவியால் ஏரியில் துளையிட்டு, கொக்கி வைத்த கம்பியை உள்ளே விட்டு அளந்து காட்டுவார். நீலம் கலந்த தெளிந்த கட்டிதான் பலம். மேலே பனி நனைந்து உறைந்த வெள்ளைக் கட்டியைப் பாதி என்றே கணக்கில் எடு என்பார். முழுப் பாரத்தோடு வரும் பெரிய லாரிக்கு ஒரு மீட்டர் அளவுக்காவது வேண்டும். வேகமாக ஓட்டினால் கட்டிக்கு அடியில் தண்ணீர் அலையாக எழும்பி, கரைப்பக்கம் உடைத்துவிடும். அதனால் மெதுவாகப் போ, சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போ. சாலை விதிகளை வேதமாக மதிக்கிற அப்பாவுக்கு இந்தக் கடைசிப் பாடம்தான் தொண்டையில் இறங்கவே இல்லை.

2010ஐ எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. கனடாவில் அதுவரை பதிவானதிலேயே மிகச் சூடான குளிர்காலம் அது. பனிச்சாலை சீக்கிரமே இளகிவிட்டது. எங்கள் ஐந்து லாரிகளில் நான்கு போய்விட்டன. ஐந்தாவது, கடைசி ஏரியின் கரையில் நின்றுவிட்டது. பெரிய வண்டிக்கு அனுமதி இல்லை, ஆனால் ஸ்கிடூ என்கிற சிறிய பனி மோட்டார் வண்டியைப் பனிக்கட்டி தாங்கும். யாரும் கூப்பிடாமலே ஊரிலிருந்து ஸ்கிடூக்கள் வந்தன. பின்னால் சறுக்குவண்டி கட்டி, ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பிளைவுட் பலகையாக, இரண்டு இரவு இழுத்தீர்கள். பகலில் மேற்பரப்பு சொதசொதவென்று ஆகிவிடும் என்பதால் இரவில்தான் வேலை. இழுத்தவர்களில் பாதிப்பேருக்கு அந்த வீடுகளோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கூலி தர அப்பா பர்ஸைத் திறந்தபோது, பெட்ரோலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். முதல் சில வருடம் நாங்களும் தெற்கிலிருந்து ஆட்களைக் கூட்டிப்போய், கட்டி முடித்து, சம்பளத்தையும் தெற்குக்கே கொண்டுவந்தோம். ஊர்ப் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தப்பு. சுட்டிக்காட்டியவர் ஒரு பாட்டி: “என் பேரனுக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாதென்று யார் சொன்னது?” அந்தப் பேரன்தான் இன்று எங்கள் தள மேற்பார்வையாளர். பாட்டிக்கு, அவர்கள் மொழியிலேயே நன்றி: மீக்வெச்.

2017 ஆகஸ்டில் வாசகமாக்கைக் காட்டுத்தீ நெருங்கி, ஊரே படகேறிச் செயின்ட் தெரேசா பாயிண்டுக்குப் போன இரவில் எங்கள் ஆட்களையும் ஏற்றிப்போன படகுக்காரர்களுக்கு நன்றி. மைனஸ் நாற்பதிலும் டீசல் ஹீட்டரைப் பழுதுபார்த்துத் தந்த மெக்கானிக்குக்கு, அரிசி தீர்ந்தபோதெல்லாம் வால்ஐ மீன் தந்தவர்களுக்கு, குறட்டையைப் பொறுத்துக்கொண்ட முகாம் கூட்டாளிகளுக்கும் நன்றி.

கடைசியாக, 2010இல் பிளைவுட்டை மூட நீலத் தறப்பாள் தந்த மீனவருக்கு: அது இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அம்மாவின் கொப்பியில் “திருப்பிக் கொடுக்கவேண்டியது” என்ற பக்கத்தில் டிக் விழாமல் கிடக்கும் ஒரே வரி அதுதான். பழசு நைந்துவிட்டது, புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறோம். சாலை திறந்ததும் முதல் லாரியில் வருகிறது.

அன்புடன்,
கணக்குப் பார்க்கும் மூத்த மகள்