ஏழு சக்கரம் ஸ்டாம்ப்

தக்கலை,
ஆடி 10

அன்பு மக்களே,

நீ அனுப்பிய கவர் வந்து மூன்று வாரம் ஆகிறது. டிவி மேசையில் கரண்ட் பில்லுக்கு அடியில் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில், "ஸ்டாம்ப் எல்லாம் பாத்தியாம்மா?" என்று கேட்டாய். "பாத்தேன் மக்களே, நல்லாருக்கு" என்றேன். பார்க்கவில்லை. கவரைப் பிரிக்கவே இல்லை. போனில் இதைச் சொன்னால் நீ ஒன்று கேட்பாய், நான் ஒன்று சொல்வேன், கடைசியில் பேச்சு பிரஷர் மாத்திரையில் போய் நிற்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு ஸ்டாம்ப் சேர்ப்பதில் ஆசை போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். நீ நர்ஸ், உடனே அம்மாவுக்கு மனசு சரியில்லையோ என்று ஆரம்பித்துவிடாதே. நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நம் முருங்கைக் கொப்பை வெட்டியதற்காகப் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைகூடப் போட்டேன். மற்ற எல்லாம் இருக்கிறது. இது ஒன்று மட்டும் போய்விட்டது.

போனது எனக்கே தெரிந்தது போன ஐப்பசியில். அடுக்களைத் திண்ணையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. கை நாறுகிறதே என்று புறங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். திருவனந்தபுரத்து ஸ்டாம்ப் வியாபாரி. "டீச்சரே, நிங்ஙள் கேட்ட ஏழு சக்கரம் கிட்டியிட்டுண்டு" என்றார்.

உனக்கு அந்த ஏழு சக்கரம் தெரியும், பழைய திருவிதாங்கூர்ப் பணத்தில் விலை போட்ட ஸ்டாம்ப். 1939-ல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிறந்தநாளுக்குத் திருவிதாங்கூர் அஞ்சல் வெளியிட்ட வரிசை. அதில் 14 சக்கரத்தில் நம் பேச்சிப்பாறை அணை, 7 சக்கரத்தில் கன்னியாகுமரி முனை. மற்றதெல்லாம் என்னிடம் உண்டு. ஏழு மட்டும் இல்லை. ஆல்பத்தில் அதற்கு ஒரு கட்டம் போட்டு, உள்ளே பென்சிலால் 7 என்று எழுதி வைத்திருந்தேன். நீ பத்தாம் வகுப்பு படிக்கும்போது எழுதியது.

அந்த மனிதர் விலை சொன்னார். அதிகமில்லை. என் பென்ஷனில் தாராளமாக வாங்கலாம். நான் நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே, "வேண்டாம் சேட்டா" என்றேன். யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை, வாயில் தானாக வந்தது. விலைக்காகத்தான் சொல்கிறேன் என்று நினைத்து இருநூறு ரூபாய் குறைத்தார். அதற்கும் வேண்டாம் என்றேன். போனை வைத்த பிறகு, இப்போது ஒரு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மாங்காய் போட்டுக் கறி வைத்தேன். உன் அப்பா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆள்கள் கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே என்று நானும் தேடிப் பார்த்தேன். இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சொல்லலாம். 2025-ல் ரெஜிஸ்டர் தபாலையே ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், வருகிற தபாலில் ஸ்டாம்புக்குப் பதில் அச்சடித்த சீட்டுதான் இருக்கிறது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் திருவிதாங்கூர் அஞ்சல் 1951-லேயே இந்தியத் தபாலோடு சேர்ந்து காணாமல் போனது. நான் சேர்க்கத் தொடங்கியதே அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து. செத்துப்போன தபாலின் ஸ்டாம்பை நாற்பது வருஷம் சேர்த்தவள், இன்றைய தபாலைக் குறை சொல்வது நியாயமில்லை.

மழையையும் சொல்லலாம். நம் ஊருக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அலமாரியைப் பத்து நாள் திறக்காவிட்டால் ஸ்டாம்பில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். முன்பெல்லாம் வெயில் கண்ட அன்று ஆல்பத்தைத் திண்ணைக்குக் கொண்டுவந்து, நிழலில் வைத்து, பக்கம் பக்கமாகக் காற்று காட்டுவேன். அதை ஒரு வேலை என்று நினைத்ததே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அலமாரியைத் திறந்தபோது, "ஐயோ, இதையெல்லாம் காயப் போடணுமே" என்று ஒரு சடைவு வந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆரம்பம் உனக்குச் சொன்னதுதான். தாத்தாவுக்குத் திருவனந்தபுரம் கோர்ட்டில் ஒரு வயல் கேஸ். வக்கீல் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் சங்கு போட்ட ஸ்டாம்ப். கேஸில் தாத்தா தோற்றுவிட்டார். வயல் போனது, பெட்டி எனக்கு வந்தது. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்று ஆச்சி விரல் மடக்கிச் சொல்லித் தந்தாள். அவள் சாகும்வரை பணத்தைச் சக்கரம் என்றுதான் சொன்னாள். அஞ்சல்காரன் மணி கட்டிய கோலோடு ஓடி வருவான், சத்தம் கேட்டால் எல்லாரும் வழி விடுவார்கள் என்பாள். ஸ்கூலில் ஜியாகரபி எடுக்கும்போது இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்வேன். பாடத்தை விட அதைத்தான் கேட்பார்கள்.

2005-ல் கவிமணிக்கு ஸ்டாம்ப் வந்தபோது நம் தேரூர்க்காரர் ஆயிற்றே என்று நாகர்கோவில் தலைமைத் தபால் நிலையத்துக்கு லீவு போட்டுப் போனேன். உன்னையும் கூட்டிக்கொண்டு. திரும்பும்போது நீ பஸ்ஸில் வாந்தி எடுத்தாய். ஸ்டாம்ப் நனைந்துவிடுமோ என்றுதான் எனக்கு முதலில் பதறியது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உனக்கு ஏழு வயது இருக்கும். தாம்பாளத்தில் தண்ணீர் விட்டுக் கவர்த் துண்டுகளை ஊறப் போட்டிருந்தேன். அரை மணி நேரத்தில் பசை இளகி, ஸ்டாம்ப் தானாகக் கழன்று மிதக்கும். இடுக்கியால் எடுத்து, பழைய பேப்பரில் குப்புறப் போட்டுக் காயவைக்க வேண்டும். நீ விரலால் எடுத்தாய். 1960-ல் வந்த திருவள்ளுவர், 15 நயா பைசா. ஓரத்தில் இரண்டு பல் பிய்ந்துவிட்டது. நான் உன் கையில் அடித்தேன். அதோடு "இனி இந்தப் பக்கம் வராதே" என்றும் சொன்னேன். நீ அப்படியே வரவில்லை. அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் வாசல்படியில் நின்றுதான் பார்த்தாய். அது ஒன்றும் அபூர்வ ஸ்டாம்ப் இல்லை மக்களே. என்னிடமே அதில் இன்னும் நாலு இருந்தது.

அப்படிப்பட்ட நீ இங்கிலாந்து போனதிலிருந்து மாதம் தவறாமல் கவர் அனுப்புகிறாய். டூட்டி முடிந்து வந்து, கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டு வாங்கி, கத்தரித்து அனுப்புகிறாய். உலகத்தில் நாட்டின் பெயர் போடாமல் ஸ்டாம்ப் அடிக்கிற நாடு அது ஒன்றுதான், ராணி தலையே போதும் என்று சின்ன வயதில் உனக்குச் சொன்னேன். இப்போது ராஜா தலை, பக்கத்தில் பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பது மாதிரி ஒரு பார்கோடு. தண்ணீரில் ஒரு ராத்திரி முழுக்கப் போட்டாலும் பசை விடுவதில்லை. போன வருஷம் வந்ததையெல்லாம் அப்படியே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். உனக்குச் சங்கடமாக இருக்குமே என்றுதான் ஒவ்வொரு தடவையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். இனி அனுப்ப வேண்டாம். கேட்டு வாங்கித் தருகிறவர்களிடமும் சொல்லிவிடு.

வெளிநாட்டு ஆல்பங்களை ஸ்கூலுக்குக் கொடுக்கலாம் என்கிறார் அப்பா. அங்கே அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அங்கே உள்ளவர்களுக்கே தெரியாது, முப்பது வருஷம் வேலை பார்த்த எனக்குத் தெரியாதா? எதிர் வீட்டுப் பையன் இரண்டு தடவை வந்து பார்த்தான். கப்பல் ஸ்டாம்புகளை மட்டும் தனியாக எடுத்து வைக்கிறான். அவனுக்கே கொடுத்துவிடுவேன். விரலால்தான் எடுக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

திருவிதாங்கூர் ஆல்பமும் தாத்தாவின் தகரப்பெட்டியும் உனக்கு. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல், எனக்கு ஒன்றும் இல்லை. அந்த ஏழாம் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. பென்சில் எழுத்தை அழிக்கவில்லை.

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. தபாலாபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர்க்க வேண்டும். மிளகாய்ப்பொடி அரைத்து வைத்திருக்கிறேன், ஆவணியில் வரும்போது மறக்காமல் எடுத்துப் போ. அப்பா ஒரு ஸ்வெட்டர் கேட்டார், அரைக்கை.

அன்புடன்,
அம்மா